பிரிஸ்பேனில் நல்ல வெயில்

எங்கள் சனத்துக்குப் பொய் சொல்வதென்றாலும் ஆள் சேரவேண்டும். தொண்ணூற்றேழு தை மாதம், அவுஸ்திரேலியாவில் பிரிஸ்பேனில் தனியாக இருந்த என் அண்ணன் அருள்நாயகம் மாரடைப்பில் போய்விட்டார் என்று செய்தி வந்தது. அன்றைக்கே ரொறன்ரோவில் எங்கள் அஜின்கோர்ட் வீட்டின் கீழறையில் ஒன்பது பேர் கூடி முடிவெடுத்தார்கள்: அம்மாவுக்கு இப்போது சொல்வதில்லை. அவருக்குப் பைபாஸ் செய்து மூன்று கிழமைதான் ஆகியிருந்தது.

"தம்பி அன்புராசா, அண்ணனைப் பாக்கப் போறன் எண்டு சொல்லிப்போட்டுப் போ. மிச்சத்தைப் பிறகு பாப்பம்" என்றார் பெரியப்பா. மிச்சம் என் தலையில்தான் விழும் என்பது அவருக்கும் தெரியும்.

அம்மா சந்தோஷமாக அனுப்பினார். "அவன்ரை ஊரை வடிவாச் சுத்திப் பாத்து, படம் எடுத்துக்கொண்டு வா."

அண்ணன் கல்யாணம் கட்டவில்லை. கொள்ளி வைத்தது நான். அதற்காக மீசையை எடுத்தேன். மறுநாள் விடிய, சாம்பலை ஆற்றில் கரைத்தேன். பிறகு, அம்மாவுக்குச் சொல்ல ஏதாவது வேண்டுமே என்று கமராவைக் கழுத்தில் கொழுவிக்கொண்டு ஊர் பார்க்கப் புறப்பட்டேன்.

பாழாய்ப்போன வெயில். ரொறன்ரோவில் காது விறைக்கிறது; பிரிஸ்பேனில் சனம் ஆற்றங்கரையில் மணல் கொட்டி, கடற்கரை மாதிரி ஒன்று செய்து அதில் குளிக்கிறது. படகேறி ஆற்றில் மேலும் கீழும் போனேன். இரும்புப் பாலத்தை எடுத்தேன். சிவப்பாய்ப் பூத்திருந்த மரங்களை எடுத்தேன். பூங்காவில் என் கையிலிருந்த பாண் துண்டைப் பறிக்க வந்த நீளமூக்குப் பறவையையும் விடவில்லை. அண்ணன் கூட வந்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கம் சொல்லி உயிரை எடுத்திருப்பார். எட்டு வருஷமாக "வாடா, வாடா" என்று கூப்பிட்டவர். லீவு இல்லை, லீவு இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். செத்த பிறகு இரண்டு நாளில் லீவு கிடைத்தது. என்னை நினைக்க எனக்கே வெறுப்பாக இருந்தது.

படகில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி, "உங்களை ஒரு படம் எடுத்துத் தரட்டுமா?" என்று கேட்டாள். அந்த முகத்தோடு படத்தில் நிற்க மனம் வரவில்லை. வேண்டாம் என்றேன்.

திரும்பி வந்தபோது அம்மா சாமி அறையில் விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். சாவுத் துடக்கு உள்ள வீட்டில், முப்பத்தோராம் நாள் அந்திரட்டிச் சடங்கு முடியும்வரை சாமி விளக்கைத் தொடக்கூடாது. விஷயம் தெரியாத மனுசியை எப்படித் தடுப்பது? என் மனைவி தவமணி தினமும் அந்த நேரம் பார்த்துச் சமையலைச் சாட்டிக் குசினிக்குள் போய்விடுவாளாம். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணனின் போன் வராததற்கு, அவர் வீடு மாறுகிறார், இன்னும் லைன் வரவில்லை என்று சொல்லிவைத்திருந்தாள்.

"மீசை எங்கையடா?"

"சரியான வெக்கை அம்மா. வேர்த்துக் கடிச்சுது, எடுத்துப்போட்டன்."

படங்களைக் கழுவிக் கொண்டுவந்து கொடுத்தேன். முப்பத்தாறு. அம்மா கண்ணாடியைப் போட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஆற்றுப் படங்களில் கூடுதல் நேரம் நின்றார்.

"நல்ல வெயில்தான்" என்றார். "அண்ணன் ஒண்டிலையும் இல்லையே?"

இதற்கு விமானத்திலேயே பதில் தயாரித்திருந்தேன். "அவர்தானே அம்மா எடுத்தது."

அம்மா தலையாட்டினார். எனக்கு மூச்சு வந்தது. அவர் முதல் படத்திலிருந்து மறுபடியும் பார்க்கத் தொடங்கினார். கடைசிப் படத்தையும் கீழே வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"நீயும் ஒண்டிலையும் இல்லையே, ராசா?"

என் கை மீசை இருந்த இடத்துக்குப் போனது. அம்மா படங்களை அடுக்கி உறையில் போட்டார். "களைச்சுப்போனாய். போய்ப் படு" என்றார்.

காலையில் வேலைக்கு வெளிக்கிட்டு இறங்கி வந்தேன். சாமி அறைக் கதவு சாத்தியிருந்தது. அம்மா தலை முழுகி, ஈரமுடியோடு ஜன்னலடியில் இருந்தார். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. மடியில் ஒரேயொரு படம்: ஆறு.

"விளக்குக் கொளுத்தேல்லையோ அம்மா?"

அம்மா படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அந்திரட்டி எண்டைக்கடா?" என்றார்.