க்ளைவ் ரென்ஷாவின் குதிரைமசால்

எங்கள் டன்ஸ்டர் பள்ளத்தாக்கில் அணையை நினைத்து முதலில் பயந்தவர் க்ளைவ் ரென்ஷாதான். அதில் நியாயமும் இருந்தது. அந்தப் பழைய மண் அணையின் கரை முடிகிற இடத்தில்தான் அவருடைய வேலி ஆரம்பிக்கும்.

அதைவிட அவருக்குப் பெரிய பெயர் குதிரைமசால் என்ற மாட்டுத் தீவனப் பயிரில். எங்கள் பக்கம் டிசம்பர், ஜனவரிதான் கோடை. அப்போது எங்கள் நிலமெல்லாம் பிஸ்கட் நிறத்தில் கிடக்க, அவருடைய பின்வயல் மட்டும் பச்சைப்பசேலென்று நிற்கும். விவசாயக் கண்காட்சியில் தீவனத்துக்கான முதல் பரிசு வருஷாவருஷம் அவருக்கு. பக்கத்து நிலத்துக்காரனான எனக்கு இரண்டாவது.

"அப்படி என்னதான் பண்றீங்க க்ளைவ்?" என்று பப்பில் ஒருமுறை கேட்டேன்.

"ஆழ உழணும் ஃபெர்கஸ். குளிர்காலத்துலயே உழணும். நீதான் ஜூலை பூரா இழுத்துப் போத்திக்கிட்டுத் தூங்குறியே!"

அடுத்த ஜூலையில் ஆழ உழுதேன். கலப்பையின் கொழு ஒடிந்ததுதான் மிச்சம்.

அணையைப் பலப்படுத்தச் சொல்லிக் கமிட்டி அமைத்ததும் க்ளைவ்தான். மந்திரி எப்போது வந்தாலும் வழிமறிப்பார். "கரை உடைஞ்சா மொதல்ல மிதக்கப் போறது என் கட்டில்தாங்க. ஒரு சொட்டு கசியக் கூடாது!" பல வருஷப் பிடிவாதத்துக்குப் பிறகு அரசாங்கம் இறங்கி வந்தது. லாரிகளோடு கிர்ஸ்டன் என்ற இளம் பொறியாளரும் வந்தாள். க்ளைவ் வேலையாட்களுக்கு தினமும் தன் கையாலேயே டீ கொண்டுபோய்க் கொடுத்தார்.

கரையின் அடியில் தோண்டி மணலும் ஜல்லியும் அடுக்கடுக்காகப் போட்டார்கள். உள்ளே குழாய் பதித்து ஆற்றில் கொண்டு விட்டார்கள். மேலே மண்ணை ஏற்றிக் கரையைத் தடிமனாக்கி, உபரி நீர் வழிகிற கலிங்கையும் அகலப்படுத்தினார்கள். திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டியது மந்திரி. பக்கத்தில் கோட்டும் டையுமாக நின்றது க்ளைவ்.

அந்தக் கோடையில், கிறிஸ்துமஸுக்கு முன்பே அவருடைய பின்வயல் மஞ்சளடித்தது. ஜனவரியில் என் நிலம் எது, அவர் நிலம் எது என்று வேலியைப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது.

விதைக்காரனைத் திட்டினார். புழுவைத் திட்டினார். கடைசியில், அணையைச் சோதிக்க வந்த கிர்ஸ்டனை வேலியருகே மடக்கினார். நானும் வேடிக்கை பார்க்கப் போனேன்.

"இந்தாம்மா, என் நிலத்தை என்ன பண்ணீங்க?"

"உங்க நிலத்துல நாங்க கையே வைக்கல சார். கரைக்கு அடியில கசிஞ்ச தண்ணியப் புடிச்சுக் குழாய்ல விட்டிருக்கோம். அதோ விழுது பாருங்க."

குழாயின் வாயிலிருந்து தண்ணீர் ஆற்றில் கொட்டிக்கொண்டிருந்தது. க்ளைவ் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அது முன்னாடி எங்க போச்சு?"

"உங்க பின்வயலுக்குத்தான். உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்!"

எனக்கு இருமல் வந்தது. சிரிப்பை வேறு எப்படி அடக்குவது?

"வாய மூடு ஃபெர்கஸ்," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏம்மா, ஒரு ஓரமா கொஞ்சூண்டு கசிய விடக் கூடாதா?"

"கரை மண்ணையும் சேர்த்துல்ல அது அரிச்சுக்கிட்டு வந்தது. விட்டிருந்தா என்னைக்காவது அணையே உங்க வயலுக்கு வந்திருக்கும் சார்."

விஷயம் பப்புக்கு வர அதிக நேரம் ஆகவில்லை. "இத்தனை வருஷமா மண்ணு இவரு சொன்னதக் கேட்டு விளையுதுன்னு நானும் நம்பிட்டேன்," என்று அவர் மனைவி மாவிஸே எல்லோரிடமும் சொன்னாள்.

அந்த வருஷம் முதல் பரிசு எனக்கு. பரிசு ரிப்பனை வாங்கும்போது கூட்டத்தில் க்ளைவைத் தேடினேன். கைதட்டிக்கொண்டுதான் இருந்தார். நான் எதிர்பார்த்த அளவுக்கு அது எனக்கு இனிக்கவில்லை.

மார்ச்சில் மழை பிடித்துக்கொண்டது. அணை நிரம்பிக் கலிங்கு வழிந்தது. அந்த மாதிரி நாட்களில் மாவிஸையும் நாயையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு மேட்டிலிருக்கும் மைத்துனி வீட்டுக்கு ஓடிவிடுவது அவர் வழக்கம். இந்த முறை வண்டி கொட்டகையை விட்டுக் கிளம்பவில்லை. மழை விட்டதும் போய்ப் பார்த்தேன். வராந்தாவில் பைஜாமாவோடு உட்கார்ந்திருந்தார்.

"பயமா இல்லையா க்ளைவ்?"

"நல்லாத் தூங்கிட்டேம்ப்பா. மாவிஸ் எழுப்பித்தான் முழிச்சேன்." அதை ஒரு புகார் மாதிரிதான் சொன்னார். கொஞ்ச நேரம் கரையைப் பார்த்தார்.

"ஒரு லோடு தீவனம் வேணும் ஃபெர்கஸ். பரிதாபப்பட்டு விலையக் குறைச்சே, வாங்க மாட்டேன்."

குறைக்கவில்லை.