பதினோரு டிரம் கடல்

தேவாரத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் உள்ள மாரீஸ்வரியின் இரண்டு ஏக்கர் கத்தரித் தோட்டத்துக்கு ஐப்பசி மாதம் ஒரு புதன்கிழமை காலை ஆறேகால் மணிக்குக் கடல் வந்தது. முழங்கால் அளவு. அன்று தேனியில் கத்தரிக்காய் கிலோ இருபத்திரண்டு ரூபாய்க்குப் போனது. காய் பறிக்கக் கூடையோடு போன மாரீஸ்வரி, நுரை கட்டிய அலைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பாத்திகளைக் கடந்து கிழக்கு வரப்பில் மோதித் திரும்புவதைப் பார்த்தாள். தண்ணீர் நான்கு எல்லைக்கல்லுக்குள் நின்றது. ஒரு விரல்கூட வெளியே வழியவில்லை. வரப்புக்கு அந்தப் பக்கம் பக்கத்துத் தோட்டக்காரர் ஒச்சாண்டி காய்ந்த மண்ணில் காய்ந்த காலோடு நின்றுகொண்டிருந்தார்.

"ஏ ஆத்தா மாரி, மோட்டர அமத்தாமப் போயிட்டியா?"

மாரீஸ்வரி குனிந்து ஒரு கை அள்ளி நாக்கில் வைத்தாள். உப்புக் கரித்தது. இடுப்பிலிருந்த கூடையை இறக்கி வைக்கத் தோன்றாமல் மத்தியானம் வரை வரப்பிலேயே நின்றாள். பன்னிரண்டரைக்குக் கடல் வந்த வழியே, அதாவது எந்த வழியும் இல்லாமல், வடிந்தது. பாத்திகளுக்கு நடுவே இரண்டு நண்டுகளும் நாற்பது மத்தி மீன்களும் கிடந்தன. தேவாரத்திலிருந்து கிழக்கே போனாலும், மேற்கே மலை ஏறி இறங்கினாலும், கடலைப் பார்க்க நாலைந்து மணி நேரம் பஸ்ஸில் உட்கார வேண்டும். அவள் ஒரு தடவைதான் பார்த்திருந்தாள், கல்யாணமான புதிதில்.

நடந்தது இதுதான். அவள் கணவன் லிங்கேஸ்வரன் பஸ் டிப்போவில் டைம்கீப்பர். பத்து வருடமாகத் தங்கமீன் வளர்த்து அலுத்துப்போய், கடல் மீன் வளர்க்கும் ஆசை பிடித்து, பழனிசெட்டிபட்டியில் மீன்தொட்டிக் கடை வைத்திருக்கும் எபனேசரிடம் பெரிய தொட்டியும் ஒரு வாளி கடல் உப்பும் வாங்கிவந்தான். இரண்டு கோமாளி மீன்கள் சனிக்கிழமை பார்சலில் வருவதாக ஏற்பாடு. தண்ணீரை முன்கூட்டியே தயார் செய்ய வேண்டும். அந்த வாரம் அவனுக்கு இரட்டை டூட்டி விழுந்ததால் போனிலேயே மனைவிக்குச் சொன்னான்: நீல டிரம்மில் சுத்தமான தண்ணீர், லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம் உப்பு, நன்றாகக் கலக்க வேண்டும், நல்ல கிருமிகள் பெருகித் தண்ணீருக்கு உயிர் பிடிக்க வேண்டும்.

உயிர் பிடிக்கவைக்க மாரீஸ்வரிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ரசாயன உரம் போட்டுப் பாறையாய் இறுகிக் கிடந்த அந்த இரண்டு ஏக்கரை ஏழு வருடமாக ஜீவாமிர்தம் ஊற்றி மீட்டவள் அவள். அதே மாதிரி நீல டிரம்மில் சாணம், கோமியம், வெல்லம், பயறுமாவு, கடைசியில் தோட்டத்து வரப்பிலிருந்து ஒரு கைப்பிடி மண். காலையும் மாலையும் கம்பை வலது பக்கமாகச் சுற்றிக் கலக்க வேண்டும். இந்தத் தண்ணீருக்குச் சாணமும் வெல்லமும் வேண்டாம் என்று அவளுக்கே புரிந்தது. மண்ணை விட மனம் வரவில்லை. கைப்பிடி வரப்பு மண்ணைப் போட்டு வலது பக்கமாக ஐம்பது சுற்று சுற்றினாள். சாயங்காலம் கலங்கல் தெளிந்து, டிரம்முக்குள் தண்ணீர் இரண்டு விரல் ஏறி இறங்கியது. வெயிலுக்கு அப்படி இருக்கும் என்று நினைத்தாள். மறுநாள் காலை கடல் வந்தது.

வியாழக்கிழமை எபனேசர் பைக்கில் வந்து சேர்ந்தான். உப்பளக்கும் கருவியை டிரம்மில் விட்டுப் பார்த்தான்: 1.025, அசல் கடலின் அளவு. தோட்டத்துக்குப் போய்க் கடலில் விட்டுப் பார்த்தான்: 1.025. திரும்பி வந்து டிரம்மைக் கம்பால் வேகமாகக் கலக்கினான். அந்த நிமிடமே ஒச்சாண்டி போனில் கத்தினார், அலை ஆள் உயரத்துக்கு அடிக்கிறது என்று. எபனேசர் கம்பைக் கீழே போட்டான்.

"அக்கா, உப்பத் தவிர வேற என்ன போட்டீக?"

"ஒண்ணும் போடலையே தம்பி. ஒரு கைப்பிடி மண்ணு."

"எந்த மண்ணு?"

"எங்க மண்ணுதான்."

எபனேசர், டிரம்மிலிருந்து மொண்டு கையில் வைத்திருந்த ஒரு மக் தண்ணீரைப் பதறிப்போய் வாசலுக்கு வெளியே வீசினான். மறுநாள் முதல் தெருவில் ஒரு தாம்பாள அளவுக் கடல், தோட்டத்துக் கடல் வரும் அதே நேரத்துக்கு வந்து போனது. டிரம்மைக் கவிழ்த்துவிடலாம் என்ற யோசனை அத்தோடு முடிந்தது.

செய்தி பரவி, கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் ஜனம் வந்தது. மலைக்கு அந்தப் பக்கத்து ஆட்கள் ஜீப்பில் வந்து பாத்தியில் கிடந்த மத்தியைப் பேரம் பேசினார்கள். லிங்கேஸ்வரன் லீவு போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்து, கடல் வரும் நேரத்தையும் போகும் நேரத்தையும் டிப்போ நோட்டில் குறித்தான். "தெனம் அம்பது நிமிஷம் லேட்டு. அதுல ஒரு நாளும் பிசகு இல்ல. நம்ம வண்டிகளுக்கு இந்த ஒழுங்கு உண்டா?" என்று எல்லோரிடமும் சொன்னான். அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை மாரீஸ்வரி கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை மண்புழுக்கள் வரப்பேறின. உப்பு தாங்காமல் ஆயிரமாயிரமாக மேலே வந்து, ஈரச் சாக்கை விரித்ததுபோல வரப்பை மூடிக் கிடந்தன. ஏழு வருடத்துப் புழுக்கள். கத்தரி இலைகளின் ஓரம் கருகத் தொடங்கியிருந்தது; பாத்தியில் வெள்ளை பூத்திருந்தது. இந்த மண்ணில் இனி ஐந்து வருடத்துக்குப் புல்கூட முளைக்காது என்று மண் பரிசோதித்த அதிகாரி சொல்லிவிட்டுப் போனார். மாரீஸ்வரி அழவில்லை. புழுக்களை அள்ளிக் கூடையில் போட்டுக்கொண்டே இருந்தாள்.

"கடலே வந்திருக்கு மாரி," என்றான் லிங்கேஸ்வரன், தண்ணீரைப் பார்த்தபடி. "கத்தரிக்காய எங்கனயும் வாங்கிக்கலாம்."

"கடலும் எங்கனயும்தான் கெடக்கு. பஸ்ஸு ஏறிப் போய்ப் பாத்துட்டு வாங்க."

ஒச்சாண்டி சிரித்துவிட்டார். லிங்கேஸ்வரன் சிரிக்கவில்லை.

சனிக்கிழமை அவன் மீன் பார்சலை வாங்கத் தேனிக்குப் போனதும் மாரீஸ்வரி அடுப்படியில் நின்று யோசித்தாள். குழம்பில் உப்புக் கூடினால் யாரும் சட்டியைக் கவிழ்ப்பதில்லை. தெருவில் வீடு வீடாகப் போய்ப் பத்து டிரம் இரவல் கேட்டாள். எதற்கு என்று கேட்டவர்களிடம், "கடலுக்கு உப்பு சாஸ்தி" என்றாள். டிரம்களை முற்றத்தில் வரிசையாக வைத்து, டியூபால் ஒன்றோடொன்று இணைத்து, குழாய்த் தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றினாள். எபனேசர் விட்டுப்போன கருவியில் எண் இறங்கியது: 1.018, 1.012, 1.006, கடைசியில் 1.002. தோட்டத்தில் கடல் வடிந்துகொண்டிருந்தது. நண்டும் மத்தியும் இரண்டு திருக்கை மீன்களும் அந்த வடிநீரோடு ஒன்றுவிடாமல் கிளம்பிப் போனதை ஒச்சாண்டி பார்த்தார். பதினோராவது டிரம் நிறைந்தபோது மணி மூன்று. இரவு ஒன்பது மணிக்குமேல் கடல் மறுபடி வந்தது, நுரையோடும் இரைச்சலோடும், அதே முழங்கால் அளவு. மாரீஸ்வரி அள்ளிக் குடித்தாள். வாய்க்கால் தண்ணீர் மாதிரி இருந்தது. ஒரு செம்பு குடித்த பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

லிங்கேஸ்வரன் மீன் பையோடு வந்து முற்றத்து வரிசையைப் பார்த்தான். கருவியைப் பார்த்தான். பை கையில் கனத்தது. உள்ளே ஆரஞ்சு நிறத்தில் இரண்டு உயிர்கள் மூச்சு வாங்கின.

"என் தண்ணி எங்க?" என்றான்.

"கொல்லையில பச்ச டிரம்முல தனியாக் கலக்கி வச்சிருக்கேன். எபனேசரு போன்ல சொன்னாக, நாளைக்கு விட்டாலும் பையில தாங்குமாம். மண்ணு போடல, பயப்படாதீக."

அவன் பச்சை டிரம்மில் கருவியை விட்டுப் பார்த்தான்: 1.025. பிறகு தோட்டத்துக்குப் போய்க் கடலில் காலை நனைத்துவிட்டு வந்து, அது அதே நேரத்துக்குத்தான் வருகிறது என்று ஆறுதலாகச் சொன்னான்.

இனித்த கடல் நாளுக்கு இரண்டு தடவை வந்து மண்ணிலிருந்த உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துப் போனது. தை மாதம் கூடைப் புழுக்கள் மண்ணுக்குத் திரும்பின. மாசியில் கத்தரி இரண்டாம் தழைவு விட்டது. கோமாளி மீன்கள் தொட்டியில் சுகமாக இருந்தன. அவற்றைப் பற்றிச் சொல்ல விசேஷமாக எதுவும் இல்லை. தெருவிலிருந்த தாம்பாளக் கடல் மட்டும் உப்பாகவே இருந்தது. ஜனம் அதைத் தாண்டிப் போகப் பழகிக்கொண்டது. இரவல் டிரம்களை யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

பங்குனியில் பயிர்க் கணக்கான அடங்கல் எழுத வி.ஏ.ஓ. மகாலட்சுமி வந்தார். கத்தரி, இரண்டு ஏக்கர் என்று எழுதிவிட்டு நிமிர்ந்தார்.

"பாசனம் என்ன போட? கெணறா?"

"கடலு."

மகாலட்சுமி தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"பருவத்துக்கு மட்டுமா, வருசம் முழுக்கவா?"

"தெனம் ரெண்டு தரம்," என்றாள் மாரீஸ்வரி. "வரப்பு மேல ஏறிக்கோங்க மேடம், வர்ற நேரமாச்சு."

மகாலட்சுமி அதை எழுதி முடித்து, கையெழுத்துப் போட்டு, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வரப்பேறினார்.