வெயிலில் ஒரு பஞ்சுப் போர்வை

பன்னிரண்டு நாள் மழைக்குப் பிறகு அடிக்கிற வெயிலுக்குமா அனுமதி வாங்க வேண்டும் என்று பெய்ஜுவான் மனதுக்குள் பொருமினாள். ஷாங்காயின் அந்தப் பழைய சந்துகளைச் சுற்றுலாவுக்காகப் புதுப்பித்தபோது காலி செய்யாமல் தங்கிவிட்டவள் அவள் ஒருத்திதான். மாடி ஜன்னலிலிருந்து சந்தின் குறுக்கே நீட்டிய மூங்கில் கழியில் அவளுடைய பஞ்சுப் போர்வை காய்ந்துகொண்டிருந்தது.

சந்து நிர்வாகத்தில் வேலை பார்க்கும் லிங்யூன் கீழே நின்று அண்ணாந்தாள். "அத்தை, அத எடுத்துடுங்களேன். போட்டோ எடுக்க வர்றவங்களுக்கு அசிங்கமா இருக்காம்."

"அப்போ நுழைவாசல்ல கழி போட்டு நீங்க தொங்கவிட்டிருக்கிற சட்டையெல்லாம்?"

"அது அலங்காரம் அத்தை. பழைய சந்து மாதிரி தெரியணும்ல?"

"யாரும் போடாத சட்டை, நனைஞ்சா உங்களுக்கென்ன? இத நான்ல ராத்திரி போத்திக்கிட்டுப் படுக்கணும்!"

லிங்யூனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மேனேஜர் என்னைத் திட்டுவாரு அத்தை. பத்து நிமிஷம் உள்ள வச்சுக்குங்க, போதும்."

முன்பு அவள் வாசலில் போட்டிருந்த நாற்காலியையும் பத்து நிமிஷத்துக்கென்றுதான் எடுக்கச் சொன்னார்கள். அது அதன்பின் வெளியே வரவேயில்லை.

"வெயில் தாழட்டும்மா, எடுக்கிறேன்" என்ற பெய்ஜுவான், போர்வையைப் புரட்டி மறுபக்கத்தை வெயிலுக்குக் காட்டினாள்.