கிரிசாந்தின் புகை

இரண்டாயிரத்துப் பதினேழாம் ஆண்டு வைகாசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, தன்னாமுனையில் கிரிசாந்த் எரித்த வயர்களின் புகை கலைந்து போகவில்லை. பழைய ரிவிகளிலும் கொம்பியூட்டர்களிலும் இருந்து உருவிய வயர்களை வாவிக்கரையில் குவித்து, மேலே இரண்டு சைக்கிள் ரயர்களைப் போட்டு, வழக்கம்போலத்தான் அவன் கொளுத்தினான். பிளாஸ்ரிக் உருகி வழிய உள்ளேயிருந்த செம்பு தெரிந்தது. புகை ஒரு தென்னையின் உயரத்துக்கு எழும்பி அங்கேயே நின்றுவிட்டது. கச்சான் காற்று தொடங்கிவிட்ட காலம் அது. கரையில் காயப்போட்டிருந்த வலைகளையே தூக்கி எறிந்துகொண்டிருந்த காற்று, புகையை மட்டும் அசைக்கவில்லை. பின்னேரம் செம்பைச் சாக்கில் கட்டிக்கொண்டு கிரிசாந்த் வீட்டுக்கு நடந்தபோது புகையும் அவனுக்கு மேலே வந்தது. கடையில் அவன் வெற்றிலை வாங்க நின்றபோது நின்றது. அவன் வீட்டுக்குள் நுழைந்ததும் கூரையில் இறங்கி அமர்ந்துகொண்டது. ஒரு வைக்கோல் போர் அளவு இருந்ததென்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

கிரிசாந்துக்கு அப்போது இருபத்தேழு வயது. ஏறாவூருக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் உள்ள வீடுகளில் ஒரு ரிவி பழுதானால், ஒரு மின்விசிறி நின்றுபோனால், அவனைத்தான் கூப்பிடுவார்கள். குப்பை ஏற்றும் ட்ரக்டர்காரர்கள் அவற்றை ஏற்ற மாட்டார்கள். வாவிக்குள் எறிவதற்குச் சிலர் வெட்கப்பட்டார்கள், சிலர் வெட்கப்படவில்லை. மிச்சமெல்லாம் அவனுடைய லேண்ட்மாஸ்ரர் உழவுயந்திரத்தின் பெட்டியில் ஏறி அவனுடைய வளவுக்கு வந்தன. அங்கே சுத்தியலால் உடைத்து, செம்பையும் அலுமினியத்தையும் எடுத்துக்கொண்டு, மற்றதை வாவியோரத்துக் கண்ணாமரப் பற்றைக்குள் தள்ளிவிடுவான். பத்து வருடங்களாக அப்படித்தான் நடந்தது. புகை எங்கே போகிறதென்று அந்தப் பத்து வருடமும் யாரும் அவனிடம் கேட்டதில்லை.

இப்போது எல்லோரும் கேட்டார்கள். பஸ் நடத்துநர்கள் அவனை ஏற்ற மறுத்தார்கள். வாவியில் இறால் பிடிக்கும் கோணாமலை, அவன் கரைக்கு வருவதைக் கண்டாலே தோணியில் எழுந்து நின்று கையை ஆட்டுவார்.

“தம்பி, கோவிக்காத. மத்த நிழலுக்குக் கீழ மீன் வந்து ஒதுங்கும். இந்த நிழலுக்கு ஒண்டும் வருகுதில்ல. கொஞ்சம் தள்ளி நில்லு மகன்.”

கிரிசாந்த் தள்ளி நின்றான். அம்மன் கோயிலுக்கு நேர்த்தி வைத்துப் போனான். பூசாரி வெளியே வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, “நீ உள்ளுக்கு வா, அது வெளிய நிக்கட்டும்” என்றார். அவன் பூசை முடித்து வரும்வரை புகை வேப்பமரத்தின் மேல் காத்திருந்தது. ஆரையம்பதியில் அவனுக்குப் பேசி வைத்திருந்த பெண்ணின் வீட்டார் இரண்டு முறை நாளைத் தள்ளிப் போட்டார்கள். அந்தப் பெண் தர்சினி, தகப்பனுக்கு முன்னால் வந்து, “மழை இருட்டெண்டு நினைச்சுக்கொள்றன் அப்பா, கட்டி வைங்க” என்று சொன்னதால் ஆவணியில் கல்யாணம் நடந்தது. படம் எடுத்தவர் தன்னுடைய கொம்பியூட்டரில் வானத்தை நீலமாக்கிக் கொடுத்தார்.

அடுத்த வருடம் சூழல் உத்தியோகத்தராக நிஸ்றா என்ற பெண் வந்தார். காத்தான்குடிக்காரர், இளவயது, வேலையில் உண்மையான விருப்பம் உள்ளவர். புகையைக் கண்டு பயப்படாமல் வளவுக்குள் வந்து, உடைந்த ரிவிக் கண்ணாடிகளுக்கு நடுவில் குந்தியிருந்து, எதற்குள் என்ன நஞ்சு இருக்கிறதென்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். அந்தத் தடித்த கண்ணாடிக்குள் ஈயம் என்றார்.

“எரிக்காதீங்க தம்பி. உடைக்கவும் வேணா. கண்ணாடி வேற, போர்ட் வேற, பெற்றரி வேற எண்டு பிரிச்சு வைங்க. கொழும்புப் பக்கம் ஒரு கம்பனி இரிக்கி, லொறி அனுப்பி எடுப்பாங்க.”

“எரிக்காட்டி இந்தப் புகை போயிருமா மிஸ்?”

நிஸ்றா அண்ணாந்து பார்த்தார். பொய் சொல்லத் தெரியாதவர். “அதப்பத்தி எனக்கு ஒரு சுற்றுநிருபமும் வரல்ல தம்பி” என்றார்.

அன்றிலிருந்து கிரிசாந்த் நெருப்பு வைக்கவில்லை. வளவில் தகரக் கொட்டில் அடித்தான். தர்சினி மட்டைகளில் பெயர் எழுதித் தொங்கவிட்டாள். பிரித்து அடுக்குவதில் அவனுக்கு ஒரு ருசியே வந்துவிட்டது. தொலைபேசிகளை வேறாக, பல்புகளை உமிக்குள் பொதிந்து, வீங்கிய பெற்றரிகளை மணலுக்குள் புதைத்து வைத்தான். ஒரு லொறிக்குப் போதுமான சாமான் சேர்ந்தால்தான் வருவோம் என்று கம்பனி சொன்னது. அவன் சேர்த்தான். கொட்டில் நிறைந்தது, லொறி வரவில்லை. இரண்டாயிரத்து இருபதில் ஊரடங்கு. சோதனைச் சாவடியில் நின்ற சிப்பாய் அவனை நிறுத்தி, ஒரு ஆள், ஒரு புகை என்று எழுதிக்கொண்டு போகவிட்டான். இருபத்தொன்றில் நிஸ்றாவுக்கு இடமாற்றம் வந்தது. போவதற்கு முன் கொட்டிலுக்கு வந்து நின்று, “நான் கோல் எடுத்துக்கொண்டுதான் இரிப்பன்” என்றார். எடுக்கவும் செய்தார். இருபத்திரண்டில் நாட்டில் டீசலே இல்லை. எண்ணெய் வரிசையில் மூன்று நாள் வெயிலில் நின்றவர்கள் கிரிசாந்தைக் கூப்பிட்டுத் தங்களுக்கு நடுவில் விட்டார்கள். அந்த மூன்று நாளும் அவனைச் சுற்றி முப்பது பேர் நிழலுக்கு இருந்தார்கள். அவனுடைய வாழ்க்கையில் ஊர் அவனை விரும்பிய காலம் அதுதான்.

கொட்டிலில் இடமில்லாததால் அவன் புதிதாக எதையும் எடுப்பதை நிறுத்தியிருந்தான். வீடுகளில் சாமான் பழுதாவது நிற்கவில்லை. சிலர் பின்வளவில் தாங்களே கொளுத்தினார்கள். கரையோரம் வேறு மூன்று நான்கு பேர் அவனுடைய பழைய தொழிலைத் தொடங்கினார்கள்.

இருபத்து மூன்றாம் ஆண்டு மாசியில் லொறி வந்தது. வந்தவர்கள் போர்ட்களையும் தொலைபேசிகளையும் வயர்களையும் ஏற்றினார்கள். ஐந்து வருடம் உடையாமல் காத்து வைத்திருந்த ரிவிக் கண்ணாடிகளைத் திரும்பியும் பார்க்கவில்லை.

“கண்ணாடி எங்களுக்குத் தேவையில்ல” என்றார் லொறிக்காரர்.

“அப்ப ஆருக்குத் தேவை?”

“ஒருத்தருக்கும் தேவையில்ல. இந்த நாட்டில அத எடுக்கிற இடமில்ல அண்ணன். வெளிநாட்டுக்கு அனுப்பவேணும். நடக்கிற கதையா அது?”

லொறி போனபின் கிரிசாந்த் முந்நூற்றுச் சொச்சம் கண்ணாடிகளுக்கு முன்னால் நெடுநேரம் நின்றான். பிறகு மழைபடாமல் அவற்றின் மேல் தறப்பாளை இழுத்துக் கட்டினான். செய்வதற்கு வேறொன்றும் இருக்கவில்லை.

கிரிசாந்துக்கும் தர்சினிக்கும் ஒரு மகள் இருந்தாள். தனுஷா, கடைசியாக எரித்த நாளுக்கு ஒன்றரை வருடம் கழித்துப் பிறந்தவள். மூன்றரை வயதாகியும் அவளுக்குப் பேச்சு இரண்டு சொல்லுக்கு மேல் வரவில்லை. கிளினிக்கில் இரத்தம் எடுத்து அனுப்பினார்கள். முடிவைப் படித்த டொக்டர், பிள்ளையின் இரத்தத்தில் ஈயம் இருக்கிறதென்றார். நான் எரிக்கிறதை விட்டு எத்தனை வருசம் என்று கிரிசாந்த் கேட்டான். மண் எதையும் விடுவதில்லை என்று அவர் பதில் சொன்னார். பிள்ளை தவழ்ந்ததும் விளையாடியதும் அவன் பத்து வருடம் சுத்தியலால் உடைத்த அதே வளவு. பிள்ளையை அந்த மண்ணிலிருந்து எடுத்துவிடச் சொன்னார்.

தர்சினி மகளைக் கூட்டிக்கொண்டு ஆரையம்பதிக்குத் தாய்வீட்டுக்குப் போனாள். கிரிசாந்த் ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளில் போய், புகை பிள்ளைக்கு மேலே வரக்கூடாதென்று ஒழுங்கைக்கு அந்தப் பக்கம் நின்று மகளைப் பார்த்துவிட்டு வருவான். அவள் “அப்பா” என்பாள். அது அவளுடைய இரண்டு சொற்களில் ஒன்று. மற்றதை அவள் ஒருநாளும் அவனைப் பார்த்துச் சொன்னதில்லை; அது “வா.”

புரட்டாதியில் ஒரு காலை தர்சினி தொலைபேசி எடுத்தாள்.

“இஞ்சாருங்க. புள்ளைக்கு மேல நிக்குது.”

“என்ன?”

“சின்னதா. ஒரு தேங்காயளவு இரிக்கும். முத்தத்தில விளையாடக்குள்ள கண்டன். விசிறியால விசிறிப் பாத்தன். போகுதில்ல.”

கிரிசாந்த் சைக்கிளை எடுத்தான். இந்த முறை அவன் ஒழுங்கையில் நிற்கவில்லை. முற்றத்துக்குள் போய், மகளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். மேலே இரண்டு புகையும் சற்று இடைவெளி விட்டு நின்றன. தர்சினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இனி எங்க போய் ஒளிக்கிற?” என்றாள். “உடுப்ப எடுக்கிறன். வீட்ட போவம்.”

மூன்று பேரும் தன்னாமுனைக்குத் திரும்பினார்கள். வளவின் மேல்மண்ணை ஒரு முழம் வெட்டி எடுத்துவிட்டுப் புதுமண் கொட்டச் சொல்லி நிஸ்றா தொலைபேசியில் சொன்னார். வெட்டிய மண்ணை எங்கே போடுவதென்று கிரிசாந்த் கேட்டான். விசாரித்துச் சொல்கிறேன் என்றார். இன்றும் விசாரித்துக்கொண்டிருக்கிறார். கண்ணாடிகள் தறப்பாளுக்கு அடியில் இருக்கின்றன.

இருபத்தைந்தாம் ஆண்டு தனுஷாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். பேச்சு கொஞ்சம் வந்திருந்தது. எழுத்துகள் அவளிடம் நிற்கவில்லை. முதலாம் வகுப்பு ஆசிரியை பரீனா அவளை யன்னலோரம் இருத்தினார். அந்த வகுப்பில் இருபத்தாறு பிள்ளைகள். தனுஷாவோடு சேர்த்து நான்கு பேருக்குப் புகை இருந்தது. பரீனா ரீச்சர் பெற்றாரைக் கூப்பிட்டு, சீருடையில் கரி விழுகிறது, வெள்ளையை வெளுத்து மாளாது என்று குறைபட்டார். கூட்டத்தில் யாரும் புகை ஏன் வந்ததென்று பேசவில்லை. அப்படிப்பட்ட பிள்ளைகள் சாம்பல் நிறத்தில் சீருடை அணியலாம் என்று அதிபர் கடிதம் கொடுத்தார். தர்சினி மகளுக்குத் தானே இரண்டு கவுன் தைத்தாள். அடுத்த வருடப் பள்ளிக்கூடம் தொடங்குவதற்கு முன்பே ஏறாவூர்க் கடைகளில் சாம்பல் நிறச் சீருடை எல்லா அளவிலும் தைத்துத் தொங்கியது.