ஊட்டா ஆய்த்தா?

மேட்டகள்ளியில் நஞ்சுண்டசாமி வீட்டு விருந்துக்குச் செந்தில்நாதன் போகாமலே இருந்திருக்கலாம். காய்ச்சல் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் பொய் சொல்லவும் ஒரு முகம் வேண்டுமே. இருந்த ஒரு முகத்தையும் குந்தாபுரா பக்கம் கடற்கரையில் தொலைத்துவிட்டுத்தான் மைசூருக்குத் திரும்பியிருந்தான்.

இருவருக்கும் ஒரே தொழிற்சாலை. செந்தில்நாதன் அலுவலகத்தில், நஞ்சுண்டசாமி எலக்ட்ரிகல் பிரிவில். நஞ்சுண்டசாமியின் மகள் சக்திக்குக் காது கேட்காது. அவள் படிக்கும் பள்ளிக்கு வேன் வாங்க நிதி திரட்டுவதற்காக, கார்வாரிலிருந்து மங்களூர் வரை கடலோரமாக நடக்கக் கிளம்பியது ஒரு கூட்டம். அதில் நண்பனையும் இழுத்துக்கொண்டு சேர்ந்தான் செந்தில்நாதன். நல்ல காரியம் எங்கே நடந்தாலும் முன்வரிசையில் நின்று போட்டோவில் விழுகிற ஆள் அவன். நஞ்சுண்டசாமிக்குப் போட்டோ கவலையெல்லாம் கிடையாது. வண்டியில் ஏறாமல் கடைசிவரை நடந்தே வருவேன் என்று மகளுக்குக் கைச்சாடையில் வாக்குக் கொடுத்திருந்தான். அவனுக்கு அது ஒன்றுதான் முக்கியம்.

குந்தாபுராவை நெருங்கிய அன்றைக்கு மத்தியானம் கூட்டம் முன்னால் போய்விட்டது. காலில் கொப்புளத்தோடு நஞ்சுண்டசாமி பின்தங்க, செந்தில்நாதனும் கூடவே நடந்தான். ஓட்டல் கிட்டத்தில்தான் இருக்கிறது என்று அவன் சொன்னதை நம்பி, சாப்பாட்டுக்கு முன்னால் போடுகிற சர்க்கரை மாத்திரையை நஞ்சுண்டசாமி விழுங்கிவிட்டான். நடக்க நடக்க மணல்தான் வந்தது, ஓட்டல் வரவில்லை.

வலை காயப்போட்டிருந்த ஒரு வீட்டு வாசலில் நின்ற அம்மாள், இவர்கள் பனியனில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டுச் சிரித்தாள். "ஊட்டா ஆய்த்தா?" என்று கேட்டாள்.

சாப்பிட்டாச்சா என்று கேட்கிறாள். மைசூரில் இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான். லிஃப்டில் கேட்டாலும், பஸ் ஸ்டாண்டில் கேட்டாலும், பட்டினி கிடக்கிறவனைக் கேட்டாலும் "ஆய்த்து" என்பான். நலமா என்று கேட்டால் நலம் என்கிற மாதிரி. செந்தில்நாதனும் யோசிக்காமல் இரண்டு பேருக்கும் சேர்த்து, "ஆய்த்தும்மா, ஆய்த்து" என்றான்.

அந்த அம்மாள் நிஜமாகவே கேட்டிருந்தாள். உள்ளே சோறு வெந்துகொண்டிருந்த வாசனை வந்தது. பதிலைக் கேட்டதும் தலையாட்டிவிட்டு உள்ளே திரும்பினாள். இதுவரை நடந்ததை மன்னித்துவிடலாம், பழக்கதோஷம். அதற்குப் பிறகு நடந்ததற்கு அப்படிச் சாக்குச் சொல்ல முடியாது.

"செந்திலு, ஒரு வாய் சாப்புட்டுப் போயிரலாமா?" என்று நஞ்சுண்டசாமி மெல்லக் கேட்டான்.

"நாம தர்மத்துக்கு நடக்கறோம்டா. தர்மச் சோறு திங்கவா வந்தோம்? அதுவும் மீன்காரங்க வீட்ல போயி."

நஞ்சுண்டசாமி மறுபேச்சுப் பேசவில்லை. எந்த நாளும் பேசினதில்லை. சவுக்குத்தோப்பைத் தாண்டும்போது அவனுக்கு வேர்த்து ஊற்றியது, பேச்சுக் குழறியது. அப்படியே உட்கார்ந்து சரிந்தான். செந்தில்நாதன் கையில் தண்ணீர் பாட்டில் இருந்தது, சர்க்கரை இல்லை. வந்த வழியே விழுந்தடித்து ஓடி, அதே வீட்டு வாசலில் நின்று கத்தினான்.

அவள் வெல்லத்தைக் கரைத்துக்கொண்டு இவனுக்கு முன்னால் ஓடினாள். நஞ்சுண்டசாமியின் தலையை மடியில் தாங்கி, கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள். அவன் கண் தெளிந்த பிறகு நிமிர்ந்து, "ஊட்டா ஆய்த்து அந்த்ரல்லா?" என்றாள். சாப்பிட்டாச்சு என்றீர்களே என்று கேட்டாள், கோபமே இல்லாமல். செந்தில்நாதனுக்கு அசிங்கமாக இருந்தது.

நஞ்சுண்டசாமியை வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இனி நடக்கக்கூடாது என்றுவிட்டார் டாக்டர். மங்களூரில் பூமாலை செந்தில்நாதன் கழுத்தில் விழுந்தது. போட்டோவிலும் அவன்தான் முன்னால் நின்றான்.

இப்போது அதே நஞ்சுண்டசாமி பக்கத்து இலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவன் மனைவி மாதேவி பரிமாறினாள். எதிரே உட்கார்ந்திருந்த சக்தி, பெரியவர்களின் வாயசைவை மாறி மாறிப் பார்த்தாள்.

"இவருக்குக் கொழுப்புண்ணா" என்றாள் மாதேவி. "யாரோ ஒரு அம்மா சாப்பிட்டாச்சான்னு கேட்டுதாம். ஆச்சுன்னுட்டாராம். வாசல் தேடி வந்த சோத்த வேண்டாம்ங்கலாமா?"

"எனக்கு அப்போ பசி தெரியல மாதேவி" என்றான் நஞ்சுண்டசாமி. தொழிற்சாலையிலும் எல்லாரிடமும் இதையேதான் சொல்லி வைத்திருந்தான்.

மாதேவி ரசக் கரண்டியோடு செந்தில்நாதன் பக்கம் திரும்பினாள். "கூடவே இருந்தீங்களே, நீங்களாச்சும் சொல்லக்கூடாதா?"

நான்தான்மா ஆச்சுன்னேன் என்று சொல்வதற்கு ஒரு மூச்சு போதும். சக்தி அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொன்னேன்மா" என்றான் செந்தில்நாதன். "அவன்தான் கேக்கல."

நஞ்சுண்டசாமியின் கை இலையில் ஒரு நொடி நின்றது. பிறகு சோற்றைப் பிசைந்து சாப்பிட்டான்.

கிளம்பும்போது மாதேவி மட்டும் வாசல் கேட் வரை வந்தாள். "அண்ணா, ஆஸ்பத்திரில படுத்திருந்தப்பவே நடந்தது பூரா எங்கிட்ட சொல்லிட்டாரு. உங்கள ஒரு வார்த்தை கேட்டுரக்கூடாதுன்னு சத்தியமும் வாங்கிக்கிட்டாரு. எனக்குத்தான் மனசு ஆறல. நீங்களா சொல்லிருவீங்கன்னு நெனச்சேன்."

செந்தில்நாதனுக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது. அதற்குள் நஞ்சுண்டசாமி டிபன் கேரியரோடு வந்துவிட்டான்.

"பாயசம் இருக்குது, வீட்ல குடு" என்றான். "அடுத்த வருஷமும் நடப்பாங்களாம் செந்திலு. ரெண்டு பேரும் சேந்தே போலாம். நீ கூட இருந்தா எனக்குத் தைரியம்."

செந்தில்நாதன் கேரியரை வாங்கிக்கொண்டான். வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.