ஐந்து ஆம்ப்ஸ் பெட்டி

பட்டு வியாபாரி சிவப்பிரகாசத்தின் மூன்று மாடிக் கடைக்கு எட்டு கேமரா மாட்டினேன். எட்டுக்கும் சேர்த்துப் பத்து ஆம்ப்ஸ் பவர் சப்ளை வேண்டும் என்றேன்.

"அஞ்சு போதும். யார் காதுல பூ சுத்துற?" என்றார்.

"பகல்ல அஞ்சுல ஓடிடும்ங்க. இருட்டினா கேமராவுல லைட் எரியும், ரெண்டு மடங்கு கரண்ட் இழுக்கும்."

அவர் கேட்கவில்லை. ஐந்தையே மாட்ட வைத்தார். விளக்கு வைக்கிற நேரத்தில் எட்டு கேமராவும் மொத்தமாக அணைந்தன.

"ஓட்டை கேமராவ மாட்டிட்டு என்னையே ஏமாத்துறியா?" என்று கத்தினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"முள்ளிப்பட்டுல எங்கம்மா உங்களுக்குத்தான் நெய்யிறாங்க. பட்டு நூலை எடை குறைச்சுக் குடுத்துட்டு, புடவை எடை குறையுதுன்னு அவங்களைத் திருடின்னீங்க. இப்ப கரண்ட்டைக் குறைச்சுக் குடுத்துட்டு கேமராவைத் திட்டிகினு இருக்கீங்க."