சம்பங்கியின் இடது கை

தூண்டில் தக்கைக்கு ஒரு முழம் தூரம்வரை ஜிலேபி மீன்கள் வந்தன. அப்புறம் வாலை ஒரு வெட்டு வெட்டிக்கொண்டு ஓடின. பேத்தமங்களா ஏரியோரம், முழங்கால் ஆழத் தண்ணீரில், ஞாயிறு தவறாமல் இதே கூத்துதான். சம்பங்கி புழுவை மாற்றிப் பார்த்தான். தூண்டில் நரம்பை மெல்லிசாக்கினான். நிழல் முன்னால் விழாதபடி கயாக் படகைத் திருப்பினான். ஒன்றும் பலிக்கவில்லை.

"இன்னிக்கும் மாட்டலன்னா இந்தப் படகை வித்துடறேன் மாலா."

முன் சீட்டில் இருந்த மாலாவுக்கு அது பிடிக்கவில்லை. வாரம் முழுக்க மாரிகுப்பம் ரயிலில் பெங்களூருக்குப் போய்வந்து, சாப்பிட்ட கையோடு தூங்கிவிடுகிற புருஷன். இந்தத் தண்ணீரில்தான் அவளோடு வாய் ஓயாமல் பேசுவான்.

"நீ தொணதொணன்னா மீனு எப்டி நிக்கும்?" என்றாள்.

"யாரு, நானா? சரி, ரெண்டு பேருமே வாயத் தொறக்க வேணாம். பாக்கலாமா?"

பார்த்தார்கள். மீன் வந்தது, ஓடியது. பேச்சுச் சத்தம் பெரும்பாலும் தண்ணீரின் மேலே பட்டுத் திரும்பிவிடும்; அது காரணமில்லை.

அன்று படகில் ஏறும்போது மாலாவின் செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டதால் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தாள். உள்ளங்காலில் ஏதோ குறுகுறுத்தது. தக், தகதக், தக். திரும்பிப் பார்த்தாள். சம்பங்கியின் வலது கையில் தூண்டில். இடது கை படகின் விளிம்பில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

காலை ரயிலில் அவன் பெட்டியில் பஜனை உண்டு. பெட்டிச் சுவர்தான் டோலக், சம்பங்கிதான் வாசிப்பவன்.

"இன்னாங்க, கை இன்னா பண்ணுது?"

"எந்தக் கை?"

அவனுக்கே தெரியவில்லை. காற்றில் அந்தச் சத்தம் காதுக்கு எட்டாது. ஆனால் கயாக் உள்ளே காலியான பிளாஸ்டிக். மேலே தட்டினால் அடிப்பக்கம் அதிரும், அதிர்வு நேரே தண்ணீரில் இறங்கும். மீனுக்கு உடம்பெல்லாம் காது.

மாலா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். மீன்கள் தக்கையை ஒட்டி வந்து நின்றன. ஆனால் சம்பங்கி ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்தவன் மாதிரி விறைத்துப்போனான், பேச்சும் நின்றது.

"இதுக்கு விக்கறதே மேல்மே," என்றான்.

மாலா யோசித்தாள். மீன் போட என்று கொண்டுவந்து, வாராவாரம் காலியாகவே திரும்பிப்போகும் கோணிப்பை காலடியில் கிடந்தது. அதை நனைத்து, நாலாக மடித்து, விளிம்பில் போட்டு, அவன் கையை அதன்மேல் எடுத்து வைத்தாள்.

"இப்ப வாசி."

வாசித்தான். அவள் உள்ளங்காலில் ஒன்றும் தெரியவில்லை. பாதிக் கதையில் விட்டிருந்த ஆபீஸ் வம்பை அவன் மறுபடி தொடங்கும்போது தக்கை முங்கியது.

"மீனு போட கோணி இல்ல, டிபன் பாக்ஸைத் தொறம்மே! சீக்கிரம்!"

கையைக் கட்ட வேண்டியதில்லை. கைக்கும் படகுக்கும் நடுவில் ஈரக் கோணி இருந்தால் போதும். தட்டுகிற அதிர்வைக் கோணியே வாங்கிக்கொள்ளும், தண்ணீருக்குப் போகாது.